அவுக கண்டம்

இதில் ஒரு எழுத்துப் பொய் என்றால் என் நாக்கு அழுகிப் போகட்டும்; கற்பூரத்தைக் கொளுத்திக் கொடுங்கள், வெறுங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்கிறேன்; அதுவும் போதாதென்றால், பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடையாது என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்களே, இன்று காலையில் இந்த வாய் எட்டு இட்லியும் மேலே ஒரு வடையும் தின்றது, இதைவிடப் பெரிய அத்தாட்சி எந்தக் கோர்ட்டில் கிடைக்கும்? நம்புகிறவர்கள் நெருங்கி உட்காருங்கள். நம்பாதவர்களும் உட்காருங்கள், எழுந்து போய் என்ன வெட்டி முறிக்கப் போகிறீர்கள்.

நொச்சிப்பொட்டல் என்று ஓர் ஊர். பேரில் இருக்கிற நொச்சி ஊரில் கிடையாது, பொட்டல் மட்டும் பேருக்கு மேலேயே உண்டு. அந்த ஊரின் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில், ஓட்டு வீடொன்றில், கண்டக்டர் சுடலைமணியும் அவர் பெண்சாதி பேச்சியம்மாளும் இருந்தார்கள். சுடலைமணியின் தொண்டையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போனால் கதை நொண்டும். பஸ் ஸ்டாண்டு வேப்பமரத்தடியில் நின்று, "ஜங்ஷன் ஜங்ஷன் ஜங்ஷன், ஏறு ஏறு" என்று அவர் ஒரு கூப்பாடு போட்டால், அடுத்த ஊரில் குளித்துக்கொண்டிருந்தவன் சோப்பைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு ஈரத் துண்டோடு ஓடி வருவான். வெளியூர் போக வேண்டிய வேலையே இல்லாதவர்கள்கூடக் கால் நிற்காமல் வந்து ஏறி, ஜங்ஷனில் இறங்கி, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்புவார்கள். ஒரு முகூர்த்தத்தில் மணப்பெண்ணே தாலிக்கு நீட்டிய கழுத்தை இழுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள் என்றும், அக்காள் புருஷன் தோளைப் பிடித்து அமுக்கி உட்கார வைத்தான் என்றும் சொல்வார்கள்.

பேச்சியம்மாளோ பேரில் மட்டும்தான் பேச்சு உள்ளவள். கட்டியவன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது அந்தப் பக்கத்துப் பெண்களுக்குத் தாய்ப்பாலோடு இறங்கிய விஷயம். புருஷன் பேரில் சுடலையும் இருந்து மணியும் இருந்தால் ஒரு பெண் என்ன செய்வாள்? சுடுகாட்டுச் சுடலையை அவள் 'அந்தக் காடு' என்பாள். மணி என்ன என்று யாராவது கேட்டால், "நாலு அடிச்சிருச்சு" என்பாள். கீரைக்காரி பிச்சம்மா கூடையை இறக்கினால் மணித்தக்காளியைப் பேர் சொல்லிக் கேட்க முடியாமல், "அவுக தக்காளி இருக்காடி?" என்பாள். "இருக்குக்கா, உங்க அவுக தக்காளி. பழத்தோட இருக்கு" என்று பிச்சம்மா சிரித்துக்கொண்டே எடுத்துப் போடுவாள். நாளடைவில் தெருவே மணித்தக்காளியை அவுக தக்காளி என்றுதான் சொல்லிற்று.

கல்யாணமான புதிதில் அவள் அடுப்படியிலிருந்து, "ஏங்க, சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டால் அவர் வந்துகொண்டுதான் இருந்தார். பிறகு ஒரு காலத்தில், எப்போது தொடங்கியதென்று அவளுக்கே தெரியாது, கூப்பிட்டால் திரும்பாமல் இருந்தார். ஏங்க என்றாள், இந்தாருங்க என்றாள், உங்களைத்தாங்க என்றாள். அவர் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். ஊரையே கூப்பிடுகிற மனுசனுக்கு என் கூப்பாடு மட்டும் காதில் ஏறவில்லையா, அப்படி என்ன கசந்துபோனேன் என்று அவள் உள்ளுக்குள்ளே கேட்டுக் கேட்டு, ஒருநாள் கேட்பதையும் விட்டாள், கூப்பிடுவதையும் விட்டாள். அதற்கப்புறம் சோற்றுத் தட்டைச் சிமிட்டித் தரையில் ணங்கென்று வைப்பாள். அந்த அதிர்வுக்கு அவர் எழுந்து வருவார். தின்பார், கை கழுவுவார், போவார். பிள்ளையில்லாத வீட்டில் அந்த ணங் ஒன்றுதான் பேச்சு. அப்படியே அவர் தலையும் நரைத்தது, அவள் தலையும் நரைத்தது.

அறுபது நெருங்குகையில் ஜோசியர் கோமதிநாயகத்திடம் ஜாதகத்தைக் காட்டினார்கள். ஜோசியர் கட்டத்தைப் பார்த்தார், விரலை மடக்கினார், விரித்தார். "அறுபதுல உமக்கு ஒரு கண்டம் இருக்கு" என்றார். சுடலைமணி முன்னால் குனிந்து, ஜோசியர் வாயையே உற்றுப் பார்த்து, இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். "கண்டம், ஓய், கண்டம். அதைத் தாண்டிட்டீருன்னா எண்பதுக்குக் குறைவில்ல."

பேச்சியம்மாள் எலுமிச்சை மாலை எத்தனை சாத்தலாம் என்று யோசித்துக்கொண்டிருக்க, சுடலைமணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அகலம் எவ்வளவு இருக்கும்?"

ஜோசியர் கேலி என்று நினைத்துச் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. வாழ்நாளெல்லாம் ஒரே ரூட்டில் போய் வந்தவர் ஒரு கண்டத்தைத் தாண்ட வேண்டுமென்றால் முதலில் வழி தெரிய வேண்டாமா? வேலையிலிருந்து ரிட்டயர் ஆகி மாலையும் கையுமாக வீட்டுக்கு வந்த மறுநாளே, நடுவீட்டுப் பெரிய சுவருக்கு வெள்ளையடித்து, சொட்டு நீலத்தைக் கரைத்துக் கடலாக்கி, காவியைக் குழைத்துக் கரையாக்கி, அடுப்புக் கரியால் மலை மலையாகத் தீட்டி, கீரைச் சாற்றால் காடு வளர்த்து, அவர் அந்தக் கண்டத்தை வரைய உட்கார்ந்தார். தெற்கே தொடங்கி வடக்கே முடிக்க மாதக்கணக்கானது. பலாப்பழத்தை யானை மிதித்த மாதிரி ஒரு வடிவம். அடுப்படி நிலைக்கதவில் போய்த்தான் அதன் கிழக்குக் கரை நின்றது. உள்ளே ஊர்களுக்கெல்லாம் பேர் வைத்தார்: சில்லறையில்லாப்பட்டணம், மூச்சுவாங்கிமலை, ஓரம்போ ஆறு, முன்னால்போ முனை. நட்ட நடுவில் ஓர் ஏரி, ஏரிக்கரையில் ஓர் ஊர். அதற்கு இறங்காதூர் என்று பேர்.

வரைந்து முடித்த அன்று பிற்பகலில் அவர் அடுப்படி வாசலில் வந்து கொஞ்ச நேரம் நின்றார். ஏதோ சொல்வாள் என்று நிற்பதுபோல நின்றார். பேச்சியம்மாள் முதுகு காட்டி அரிசி களைந்துகொண்டிருந்தாள், திரும்பவில்லை. சோறு வடித்துத் தட்டை ணங்கென்று வைத்தபோது ஆள் வரவில்லை. எட்டிப் பார்த்தாள். சுவரடியில் செருப்பு ஜோடியாக இருந்தது. ஆணியில் தொங்கும் தோல் பையைக் காணோம். தென்கரையில் கடுகளவு ஒரு புள்ளி இருந்தது, முன்பு இல்லாதது. பூகோள வாத்தியார் ஞானதிரவியம் பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து பார்த்தபோது அது காக்கிச் சட்டை போட்டு, இடத்தோளில் பை மாட்டி, வடக்குப் பார்த்து நின்றது. மறுநாள் பார்த்தபோது ஒரு விரற்கடைக்குக் கொஞ்சம் குறைவாக வடக்கே நகர்ந்திருந்தது.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்கிறீர்களா? பஸ் வராத நாளை எடுத்துக்கொள்வதுபோலத்தான் எடுத்துக்கொண்டது; முதலில் கொஞ்சம் சத்தம், பிறகு பழக்கம். "கண்டக்டருக்குக் கண்டம் வராம, டிரைவருக்கா வரும்?" என்றார்கள் டீக்கடையில். ஏட்டையா வந்து, "ஆள் காணலியாம்மா?" என்றார். பேச்சியம்மாள் சுவரைக் காட்டி, "காணுதே" என்றாள். அவர் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்து, 'ஆள் காணப்படுகிறார், தூரம் தெரியவில்லை' என்று எழுதிக்கொண்டு போனார். பெண்கள் ஊறுகாய் ஜாடியோடு வந்து, போகிற வழிக்குக் கொடுத்து அனுப்ப வழியுண்டா என்று கேட்டார்கள். கொழும்புக்குப் போன அண்ணனைத் தேடுகிற ஒரு கிழவர், எதற்கோ கோபித்துக்கொண்டு போன மகனைத் தேடுகிற ஒருத்தி, காணாமற்போன செவலைக் காளையைத் தேடுகிற ஒரு குடியானவன் எல்லாரும் வந்து, சுவருக்கு முன்னால் செருப்பைக் கழற்றிப் போட்டு நின்று, "கண்டக்டர் அண்ணாச்சி, அங்கன எங்காளு யாரும் கண்ணுல பட்டா நாங்க நல்லாருக்கோம்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்று வேண்டிக்கொண்டு போனார்கள். பேச்சியம்மாள் எல்லாருக்கும் மோர் கொடுத்தாள். வீட்டில் எந்நேரமும் ஆள், எந்நேரமும் பேச்சு. எல்லாரும் சுவரோடு பேசினார்கள், அவளோடு பேசுவாரில்லை. அவர்கள் போன பிறகு, மோர்ச் செம்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவள் மட்டும் சுவருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள். சொல்லும் பழக்கம்தான் எப்போதோ போய்விட்டதே.

ஒரே ஒரு விஷயம்தான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அந்தக் கண்டம் எவ்வளவு பெரியது? சின்னதென்றால் தாண்டி வந்துவிடுவார். பெரியதென்றால்? ஞானதிரவியம் வாத்தியாரிடம் வாய்விட்டே கேட்டாள்.

"ஆத்தைப் பாரும்மா" என்றார் வாத்தியார். "ஓரம்போ ஆறு கடல்ல சேருத எடத்துல எம்புட்டு அகலம் பாரு. இம்புட்டுத் தண்ணி உருண்டு வரணும்னா பின்னால எத்தனை மலை வேணும், எத்தனை மழை வேணும்? மழை பெய்ய எத்தனை காடு வேணும்? நான் சொல்லுதேன், இது ஆசியாவுக்கு அண்ணன்."

டிப்போக்காரர்கள் வேறு கணக்குப் போட்டார்கள். சுடலைமணியின் நடை வேக நடை. விடியலில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் ஜங்ஷனைத் தொட்டுவிடுகிற கால். அந்தக் காலே ஒரு நாளில் விரற்கடைதான் நகருகிறதென்றால் நிலத்தின் நீளத்தை நினைத்துப் பாருங்கள் என்றார்கள். நிலமா மணலா, மேடா பள்ளமா, வெயிலுக்கு உட்காருவாரா மாட்டாரா என்று டீக்கடை இரண்டாகப் பிரிந்து, இரண்டு கட்சியும் ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் போகாமல் இருந்தன.

அப்போதுதான் யாரோ நன்றாகப் பார்ப்பதற்காக அரிசி டிரம்மை நகர்த்தினார்கள். அதன் பின்னால், சுவரின் அடியில், டிக்கெட்டில் எழுதுகிற அதே கோணல் எழுத்தில் சுடலைமணி எழுதியிருந்தார்: 'ஒரு விரற்கடைக்கு ஒரு கூப்பிடு தூரம்.'

ஊர் கொண்டாடிற்று. அளவு கிடைத்துவிட்டது! விரற்கடை தெரியும், விரலை வைத்தால் முடிந்தது. கூப்பிடு தூரம் என்பதும் ஊருக்குத் தெரியும், இங்கிருந்து கூப்பிட்டால் அங்கே கேட்கிற தூரம். ஆனால் யார் கூப்பிட்டால்? எல்லாரும் காய்ந்து கிடந்த கண்மாய்க்குள் இறங்கினார்கள். கோயில் பூசாரி கூப்பிட்டார், பனையேறி கூப்பிட்டார், பன்னிரண்டு பெற்றவள் ஒருத்தி கூப்பிட்டாள், ஒவ்வொருவர் கூப்பாடும் ஒவ்வோர் இடத்தில் போய் விழுந்தது. கடைசியில் வாத்தியார்தான் தீர்ப்புச் சொன்னார்: "கண்டம் அவர் கண்டம். கூப்பாடும் அவர் கூப்பாடுதான் கணக்கு."

நியாயந்தானே. ஆனால் கூப்பிடுகிறவர் சுவரில் இருக்கிறார். ஆகவே சாட்சிகளைக் கூப்பிட்டார்கள். அவர் குரலை எங்கிருந்து கேட்டீர்கள்? அடுத்த ஊர்க்காரன், "எங்க ஊர்ல கேக்கும்" என்றான். அதற்கடுத்த ஊர்க்காரனுக்கு ரோஷம் வந்தது: "ஏன், எங்க ஊருக்கு மட்டும் காதில்லையா? எங்களுக்கும் கேக்கும்." மலைக்கு அந்தப் புறத்திலிருந்து வந்தவன், மலையில் முட்டி எதிரொலித்து இரண்டு தரம் கேட்கும் என்றான். கடைசியாகக் கடற்கரைக்காரர்கள் வந்து, காற்றடிக்கிற காலத்தில் வலை இழுக்கையில் 'ஏறு ஏறு' என்று கேட்டு மீனெல்லாம் படகில் ஏறின என்று சத்தியம் செய்தார்கள். சத்தியத்துக்கு மேல் என்ன இருக்கிறது? ஊரிலிருந்து கடல்வரை ஒரு கூப்பிடு தூரம் என்று முடிவாயிற்று.

புள்ளி நகருகிற வேகத்தை விட்டுவிட்டு அந்த அளவை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், சுடலைமணி பிறந்த அன்றைக்கே தொட்டிலிலிருந்து இறங்கி நடக்கத் தொடங்கியிருந்தாலும் இன்றைக்குக் கால்வாசி தாண்டியிருக்க மாட்டார். ஊருக்குத் தாங்க முடியாத பெருமை. இத்தனை பெரிய கண்டம் எந்த ஊரில், எந்த ஓட்டு வீட்டில் இருக்கிறது? 'பெருங்கண்டம் உள்ள நொச்சிப்பொட்டல் உங்களை வரவேற்கிறது' என்று ஊர் வாசலில் வளைவு கட்டினார்கள். பிரிந்திருந்த இரண்டு டீக்கடைக் கட்சியும் ஒன்றாகி, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, தங்கள் கண்டத்தைப் பற்றிப் பேசின.

ஜோசியர் கோமதிநாயகம் மட்டும் முகம் சுண்டி, "அப்படின்னா தாண்ட முடியாத கண்டம்லா" என்றார் மெதுவாக. யாரும் பேச்சியம்மாள் பக்கம் பார்க்கவில்லை. அவள் மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். செம்பு நிறைந்து, வழிந்து, தரையில் ஓடி, சுவரடியில் இருந்த செருப்புகளை நனைக்கும்வரை ஊற்றினாள்.

அதற்குப் பிறகு புள்ளி நின்றுபோனது.

இறங்காதூர் ஏரிக்கரைக்கு வந்த புள்ளி, மறுநாளும் அங்கேயே இருந்தது, அடுத்த நாளும் அங்கேயே இருந்தது. அமாவாசை போய்ப் பௌர்ணமியும் வந்துவிட்டது, நகரவில்லை. வருகிறவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். ஊறுகாய் ஜாடிகள் வருவது நின்றது. அவளுடைய கொழுந்தன் இசக்கிமுத்து கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்து வாசல் திண்டில் உட்கார்ந்தான்.

"மைனி, நான் சொல்லுதேன்னு தப்பா எடுத்துக்கிடக் கூடாது. தாண்டாத கண்டத்துல ஒரு ஆளு நின்னு போனா அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும்."

"அவுக நிக்காக, தம்பி. படுக்கலையே."

"நிக்கிறவுகளுக்குச் செய்யக் கூடாதுன்னு சாத்திரத்துல இருக்கா? வார புதன்கிழமை பெரியாளுக எல்லாம் வாரோம். செய்யவேண்டியதைச் செஞ்சிருவோம். நாளைக்கு அண்ணன் ஆத்மா நம்மளைக் கேக்கப்படாது பாருங்க."

செய்யவேண்டியது என்றால் என்ன என்று அவளுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பூவையும் பொட்டையும் எடுப்பார்கள். சுவருக்கு வெள்ளையடிப்பார்கள். தீட்டுக் கழிக்க வீட்டுக்கு வெள்ளையடிக்காமல் எந்தக் காரியம் முடிந்திருக்கிறது? ஏரிக்கரையில் நிற்கிற மனுசன்மேல் சுண்ணாம்பு மட்டையால் ஒரு இழுப்பு.

புதன்கிழமையும் வந்தது. காலையில் அவள் குளித்து, தலையில் கடைசியாக ஒரு முழம் பிச்சிப்பூவை வைத்து உட்கார்ந்திருந்தபோது, வாசலில் ஒரு கனைப்புக் கேட்டது. டிரைவர் தவசிக்கனி. சுடலைமணியின் பஸ்ஸை வருஷக்கணக்கில் ஓட்டியவர், மகள் வீட்டோடு தூத்துக்குடியில் கிடந்தவர், யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு முதல் பஸ்ஸில் வந்திருந்தார். சுவருக்கு முன்னால் போய், கண்ணைச் சுருக்கி, நண்பனைப் பார்த்தார்.

"இளைச்சுத்தான் போயிட்டான்" என்றார். "எவ்வளவு தூரத்துல இருக்கானாம்?"

அவள் டிரம்மின் பின்னால் எழுதியிருந்ததைக் காட்டினாள். ஊர் போட்ட கணக்கையும் சொன்னாள். தவசிக்கனி கேட்டுக்கொண்டே வந்து, கடல்வரை என்றதும், வெற்றிலை தெறிக்கச் சிரித்தார். சிரித்துவிட்டு, சாவு வீட்டுக்கு வந்த இடத்தில் சிரித்துவிட்டோமே என்று வாயைப் பொத்தினார்.

"அவன் கூப்பாடு கடல்வரைக்கும் கேக்கும், வாஸ்தவம். அவனுக்கு எங்க கேட்டுச்சு மைனி?"

"என்ன அண்ணாச்சி சொல்லுதீக?"

"காதுதான். காது போயி எம்புட்டு வருசமாச்சு. எஞ்சின் இரைச்சல்லயே நின்னு நின்னு ரெண்டும் அவிஞ்சு போச்சு. அதனாலதான் அந்தக் கத்து கத்துவான், தன் சத்தம் தனக்காவது கேக்கட்டும்னு. ஊர்க்காரப் பயலுக அதைத் தொண்டைன்னு நெனச்சானுக." தவசிக்கனி சுவரையே பார்த்துக்கொண்டு பேசினார். "விசில்கூட ஊத மாட்டான். ஊதுனோமா ஊதலையான்னு அவனுக்கே சந்தேகம் வந்துரும். கையால தகரத்துல தட்டுவான். ரெண்டு தட்டுனா போலாம். ஒரு தட்டுனா நிறுத்து, ஆளு இறங்கணும். டிப்போவுக்குத் தெரிஞ்சா வேலை போயிரும்னு என்கிட்ட மட்டும் சொன்னான். உங்ககிட்டயுமா சொல்லல?"

"சொல்லல."

"வெக்கப்பட்டிருப்பான், பய."

பேச்சியம்மாள் சுவரை ஒட்டிப் போய்ப் புள்ளியைப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "சுத்தமாக் கேக்காதா?"

"தோளுக்குப் பக்கத்துல வந்து நின்னு சொன்னா கேக்கும். ஒரு முழம் தள்ளிட்டா இடி விழுந்தாலும் தெரியாது."

தவசிக்கனி டீ குடித்துவிட்டு வருவதாக வெளியே போனார். அவள் எழுந்து, இறங்காதூரிலிருந்து அடுப்படி நிலைக்கதவுவரை விரலை மாற்றி மாற்றி வைத்து அளந்தாள். அவர் காதுக்கு எட்டுகிற கூப்பிடு தூரம் ஒரு முழந்தானே; ஒரு விரல் வைக்கும்போது ஒரு முழம் என்று சொல்லிக்கொண்டாள், மறு விரல் வைக்கும்போது இன்னொரு முழம். தென்கரையிலிருந்து வடகரைக்கும் அளந்தாள். அளந்து முடித்தபோது அந்தப் பெருங்கண்டம், ஆசியாவுக்கு அண்ணனான கண்டம், நடுவீடும் அடுப்படியும் கொல்லையும் சேர்ந்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் இருந்தது. மூச்சுவாங்கிமலை அம்மிக்கல் உயரம். ஓரம்போ ஆறு கொல்லையில் பாத்திரம் கழுவின தண்ணீர் ஓடுகிற வாய்க்கால்.

அப்படியானால் நாளொன்றுக்கு ஒரு விரற்கடைகூட நகராமல் அந்த மனுசன் அத்தனை நாளும் என்ன செய்துகொண்டிருந்தார்? ஒரு முழத்துக்குள் ஒரு நாள் முழுக்க எவன் நடப்பான்? நடக்கவில்லை. பாதி அடி எடுத்து வைத்து, நின்று, தலையைச் சாய்த்து, யாராவது கூப்பிடுகிறார்களா என்று காது கொடுத்து, கேட்காமல், மறுபடி பாதி அடி வைத்திருக்கிறார். அடுப்படி வாசலில் அன்றைக்கு வந்து நின்றதுபோலவே கண்டம் முழுக்க நின்று நின்று போயிருக்கிறார். ஏரிக்கரைக்கு வந்ததும் போதும் என்று அங்கேயே நின்றுவிட்டார். தட்டை ணங்கென்று வைத்து அத்தனை வருஷம் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டவள், அதை நினைத்தாள். அடுப்படியிலிருந்து அவர் முதுகுக்கு எத்தனை முழம் இருக்கும் என்றும் நினைத்தாள். எழுந்து போய்த் தோளுக்குப் பக்கத்தில் நின்று சொல்லியிருக்கலாம். கூப்பிட்டாளே ஒழிய, அவள் கிட்டப் போகவில்லை. அவரும் கேட்காத காதைக் காட்டிக்கொடுக்கவில்லை.

தெருமுனையில் இசக்கிமுத்துவும் பெரியவர்களும் வருகிற பேச்சுச் சத்தம் கேட்டது. சுண்ணாம்பு வாளியின் பிடி கிறீச்சிட்டது.

பேச்சியம்மாள் சுவரோடு சுவராகப் போய் நின்று, இறங்காதூர் ஏரிக்கரையில் வாயை வைத்தாள். சுண்ணாம்பு வாசமும், அதற்கடியில் லேசாகக் காக்கித் துணியின் வேர்வை வாசமும் வந்தது. "ஏங்க" என்றாள். புள்ளி அசையவில்லை. எப்படி அசையும்? ஏங்க என்று தெருவில் எத்தனை பெண்கள் எத்தனை பேரைக் கூப்பிடுகிறார்கள். காது நன்றாக உள்ளவனுக்கே அது தன்னைத்தான் என்று தெரியாது. பேரைத்தான் சொல்ல வேண்டும். பேரைச் சொன்னால் ஆயுசு குறையும். சொல்லாவிட்டால் இதோ வாளி வருகிறது. கொஞ்சம் குறைந்தால்தான் என்ன, எண்பதுவரைக்கும் உண்டு என்று ஜோசியர் சொல்லியிருக்கிறாரே, நாம் கூப்பிடுகிற தரத்துக்கெல்லாம் அதிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று அவள் கணக்குப் போட்டாள். ஊர் போட்ட கணக்குகளையெல்லாம்விட அது சரியான கணக்கு. நாக்கு எழவில்லை. உதடு குவிந்து குவிந்து விரிந்தது. பிறகு, கல்யாணமான நாளிலிருந்து வாய்க்குள்ளேயே கிடந்து வழுவழுப்பாகிப்போன அந்தப் பேர், தானாக வழுக்கி வெளியே விழுந்தது.

"சுடலைமணி."

மெதுவாகத்தான் சொன்னாள். ஒரு முழத் தூரத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான்.

சுவருக்குள்ளிருந்து, தகரத்தில் உள்ளங்கையால் அடித்ததுபோல, ஒரு தட்டுக் கேட்டது.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது தட்டுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. ஒரே தட்டுத்தான்.

பெரியவர்கள் வாளியோடு உள்ளே நுழைந்தபோது ஏரிக்கரையில் புள்ளி இல்லை. பூதக்கண்ணாடியை வைத்துக் கண்டம் முழுக்கத் தேடினார்கள், அடுப்படியை எட்டிப் பார்க்கவில்லை. கிடைக்கவில்லை. வாத்தியார் கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்துவிட்டு, "காட்டுக்குள்ள நுழைஞ்சுட்டார்" என்றார். "அந்தக் காட்டைத் தாண்டி வெளியே வர எத்தனை தலைமுறை ஆகுமோ." நடந்து போகிறவனுக்குக் காரியம் செய்ய முடியுமா? இசக்கிமுத்து சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பினான். ஊர் நிம்மதியாயிற்று. கண்டம் பெரிதாகவே நின்றது, வளைவும் நின்றது. பேச்சியம்மாள் வந்தவர்களுக்கு மோர் கொடுத்து அனுப்பினாள். அன்றையிலிருந்து அவள் கதவைச் சாத்தியே வைத்தாள். கண்டம் பார்க்க வந்தவர்கள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, கொஞ்ச நாளில் வராமல் போனார்கள்.

மறுநாள் காலையில் கீரைக்காரி பிச்சம்மா கூடையை இறக்கி, "அவுக தக்காளி இருக்குக்கா" என்றாள்.

"ரெண்டு கட்டு மணித்தக்காளி குடு" என்றாள் பேச்சியம்மாள்.

பிச்சம்மா கையிலிருந்த கட்டைக் கீழே போட்டாள். புருஷன் போனவள்தான் அந்தப் பேரைச் சொல்வாள் என்று தெருவுக்குத் தெரியும். பாவம், மனசைத் தேற்றிக்கொண்டுவிட்டாள் என்று சொல்லிப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இரண்டு கட்டு எதற்கு என்று ஒருத்திக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இப்போதும் அந்தத் தெருவில் போனால் சாத்திய கதவுக்குப் பின்னால் ஒரு பொம்பளைக் குரல் பேசிக்கொண்டே இருப்பது கேட்கும். சோறு வெந்துவிட்டதென்று சொல்லும், கொல்லையில் தண்ணீர் தேங்குகிறதென்று சொல்லும், இத்தனை வருஷமாகச் சொல்லாமல் விட்டதையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லும். ஒரு குரல்தான். மறுகுரல் கேட்பதில்லை. தனியாகக் கிடந்து சுவரோடு பேசுகிறாள் என்று ஊர் உச்சுக்கொட்டிக்கொண்டு தாண்டிப் போகிறது. நீங்களும் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு நட்டமில்லை. தோளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிற ஆளின் சத்தம் தெருவுக்கு எப்படிக் கேட்கும்?

ஒன்றே ஒன்று. கண்டம் வீட்டளவுதான் என்று அந்த ஊரில் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். வளைவை இடிக்க வேண்டி வரும், டீக்கடை மறுபடி இரண்டாகும், வாத்தியார் பூதக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு கதவைத் தட்டுவார். அப்படியே வாய் தவறிச் சொல்லிவிட்டு, யாரய்யா உமக்குச் சொன்னது என்று கேட்டார்களானால், பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் சொன்னார், முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை, ஒரு தட்டுத் தட்டி இறங்கிப் போய்விட்டார் என்று சொல்லிவிடுங்கள்.